பழுப்புத் துணி கட்டிய புத்தகங்கள்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு சித்ராதேவி வந்து நின்றபோது சாரதாமணியின் முன்னறையில் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் நாலு மாடிக்குப் பனியன் கம்பெனி எழும்பிவிட்ட சந்து அது. அந்த வீட்டில் சூரியனைப் பார்க்க வேண்டுமானால் பின்வாசலுக்குத்தான் போக வேண்டும். வந்தவள் உட்காரவில்லை. கதவைத் தானே சாத்தினாள், ஜன்னல் வழியாகத் தெருவை ஒருதரம் பார்த்தாள், அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

“என் பின்னாடி ஒரு வண்டி வந்துச்சுக்கா. முக்குல நிக்குதான்னு பாக்கச் சொல்லுங்க.”

பாண்டித்துரை எழுந்து ஓடினார். அவருக்கு இந்த மாதிரி வேலை கரும்பு தின்னக் கூலி. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடமாகத் திருப்பூரில் லேபிள் பிரிண்டிங் வைத்திருப்பவர். ஆர்டர் இல்லாத நாளெல்லாம் சாரதாமணியின் வீட்டில்தான் அவருக்கு ஷிப்ட். “ஒண்ணையும் காணோமேக்கா,” என்று ஏமாற்றத்தோடு திரும்பி வந்தார்.

சாரதாமணிக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். பஞ்சு குடோன் எரிந்தால் அது தானாக எரிந்ததா, யாராவது எரித்தார்களா என்று சாம்பலைக் கிளறிச் சொல்வது தொழில். காபி கொடுத்துப் பார்த்த முதலாளிகள் உண்டு, காலில் விழுந்து பார்த்தவர்களும் உண்டு. ரிப்போர்ட்டில் ஓர் எழுத்து மாறியதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவரை விடவில்லை.

“உக்காருங்க கண்ணு. மொதல்ல தண்ணி குடிங்க. அப்பறம் ஒண்ணொண்ணாச் சொல்லுங்க,” என்றார்.

சித்ராதேவி சொன்னாள். அவள் கணவர் பொன்னுச்சாமி பழைய புத்தகக் கடை வைத்திருக்கிறார். பைண்டிங் வேலையும் செய்வார். பெருமாநல்லூரில் சிவசுப்பிரமணியம் என்று ஒரு பெரியவர், பனியன் கம்பெனியை மகனிடம் விட்டுவிட்டு நாலாயிரம் பழைய புத்தகங்களோடு குடியிருந்தவர். அதில் இருநூறு, கிடைப்பதற்கரிய முதல் அச்சு. அந்த இருநூறுக்கும் பதினைந்து வருடத்துக்கு முன் ஒரே பழுப்பு நிறத் துணியில் அட்டை கட்டிக் கொடுத்தவர் பொன்னுச்சாமிதான். போன ஞாயிற்றுக்கிழமை பெரியவர் ஒரு புத்தகத்தைக் கொடுத்தனுப்பினார். கொங்கு நாட்டு மாட்டு வைத்தியம் பற்றி நூற்றைம்பது வருடத்துக்கு முன் அச்சான நூல். தையல் விட்டிருக்கிறது, தைத்துக் கொடு என்றார்.

“செவ்வாக்கிழமை பிரிச்சுப் பாத்தவுக, மொகம் வெளுத்துப்போய் ஒக்காந்துட்டாக. ‘சித்ரா, இது நான் தச்ச புஸ்தகம் இல்ல’ன்னாக. அன்னைக்கு ராத்திரியே சாருக்குப் போன் போட்டுச் சொன்னாக. ‘நாளைக்கு மத்தியானம் நேர்ல வா, யார்ட்டயும் மூச்சு விடாதே’ன்னாராம். புதன்கிழமை பன்னண்டரைக்குப் போயி மணி அடிச்சிருக்காக. யாரும் தெறக்கல. திரும்பி வந்துட்டாக. சாயங்காலம் பாத்தா, சாரு புஸ்தக ரூம்ல ஏணி சாஞ்சு, மண்ட ஒடைஞ்சு செத்துக் கெடக்காராம்.”

மறுநாள் காலை போலீஸ் வந்து பொன்னுச்சாமியை அழைத்துப்போனது. முந்தின இரவு போனில் பேசியது அவர். மதியம் கேட்டை விட்டு வேகமாகப் போனதை வேலைக்கார அம்மாள் பார்த்திருக்கிறாள். அலமாரியில் ஒரு புத்தகம் இல்லை. இருப்பதிலேயே விலை கூடியது. இதைவிட என்ன வேண்டும்? ரிமாண்டும் ஆகிவிட்டது.

“புஸ்தகம் எங்கன்னு கேட்டு அடிச்சிருக்காங்கக்கா. அவுக சொல்லல. ஏன்னா எங்கிட்டக் குடுத்து, ‘சாரு கையில தவிர யாருக்கும் குடுக்காதே’ன்னு சொன்னாக. இதைக் கொண்டுபோய்க் குடுத்தா அவுக களவாணி. குடுக்கலைன்னா கொலைகாரரு. நான் என்னக்கா செய்ய?” பழுப்பு நிறத் துணிப்பை ஒன்றை அவள் மேசைமேல் வைத்தாள். 

“ஊட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?”

“நேத்து நான் ஸ்டேசன்ல இருந்தப்ப பூட்டை ஒடைச்சிருக்காங்க. மூட்டை மூட்டையா இருந்த புஸ்தகத்தையெல்லாம் கொட்டித் தேடியிருக்காங்க. மேசைமேல நல்ல விலைபோற ரெண்டு புஸ்தகம் இருந்துச்சு, தொடக்கூட இல்ல. ராத்திரி ஒரு போன். நம்பர் வரல. ‘அந்தப் பொஸ்தகத்தக் குடுத்துட்டீங்கன்னா உங்க ஊட்டுக்காரர் நல்லபடியா வந்துருவாருங்க. இல்லாட்டி ஜெயில்ல என்ன வேணாலும் நடக்குமுங்க’ன்னு ஒரு ஆம்பளக் குரல். இந்த ஊர்ல மிரட்டுறவன்கூட ‘ங்க’ போட்டுத்தான்க்கா மிரட்டுறான்.”

பாண்டித்துரைக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். சாரதாமணி பைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்தார். கையடக்கமான, பழுப்பு முதுகுள்ள, மங்கிய புத்தகம். பாண்டித்துரை அதை வாங்கி, ஒரு பக்கத்தின் பின்புறத்தை விரல் நுனியால் தடவினார். மறுபடியும் தடவினார்.

“அக்கா, இது ஏமாத்து வேல. அந்தக் காலத்துல ஈய எழுத்தைக் கோத்து அழுத்தி அடிப்பாங்க. பின்னாடி தடவுனா எழுத்து மேடா விரல்ல தட்டுப்படணும். இது தாமரை இலைமாதிரி வழுவழுன்னு இருக்கு. போட்டோ எடுத்து, பழைய காகிதமாப் பாத்து அடிச்சிருக்கான்.”

சாரதாமணி பிரிந்திருந்த தையலிலிருந்து ஒரு துண்டு நூலை இழுத்துத் தீக்குச்சியில் காட்டினார். பருத்தி நூல் என்றால் எரிந்து சாம்பலாகும். இது சுருண்டு, உருகி, கறுப்பு மணியாகத் திரண்டது. பனியன் கம்பெனி வாசலைத் தாண்டிய யாருக்கும் தெரிந்த சோதனைதான்.

“பாலியஸ்டர். உங்க ஊட்டுக்காரர் இதுல தைப்பாருங்களா?”

“பருத்தி நூல்ல மெழுகு தேச்சுத்தான் தைப்பாக. மத்த நூலைக் கடைக்குள்ளயே விடமாட்டாக.”

சாரதாமணி புத்தகத்தையும் பையையும் எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். வெயிலில் இரண்டையும் ஒட்டவைத்துப் பார்த்தார். உள்ளே வந்து டியூப் லைட்டின் கீழே பார்த்தார். மறுபடியும் வெயிலுக்குப் போனார். பாண்டித்துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“இந்தப் பை ஏது கண்ணு?”

“சாரு அட்டை கட்ட ஒரு தான், முழுச் சுருள் துணியா, மொத்தமாக் குடுத்துருந்தாக. மிச்சத்துல நான் தச்சதுக்கா. இன்னும் பாதித் தான் கடை மச்சுல கெடக்கு.”

“அதுல இருந்து ஒரு முழம் வெட்டி பாண்டித்துரைகிட்டக் குடுங்க. நீங்க இன்னைக்கு உங்க ஊட்டுக்குப் போகாண்டாம். இங்கயே இருங்க,” என்றார் சாரதாமணி. புத்தகத்தைப் பூட்டி வைத்தார்.

*

பெருமாநல்லூர் வீட்டில் அழுகை ஓய்ந்து, நாற்காலிகள் மட்டும் வாசலில் கிடந்தன. பெரியவரின் மகன் நித்தீஷ் போனில் யாரிடமோ ஷிப்மென்ட் பற்றிப் பேசிக்கொண்டே வரவேற்றான். இன்ஸ்பெக்டர் வேல்குமார் பழைய பழக்கம் என்பதால் அறையைப் பார்க்க அனுமதி சொல்லியிருந்தார்.

“போலீஸ்தான் ஆளப் புடிச்சிருச்சுங்களே, இன்னும் என்னங்க?” என்றான் நித்தீஷ். “அந்த ரூமைக் காலி பண்ணி ஆபீஸ் போடலாம்னு ரெண்டு வருசமாச் சொல்லிட்டிருந்தேன். கேட்டிருந்தா உசுரோட இருந்திருப்பாரு. இந்தக் குப்பையெல்லாம் ஏதாச்சும் லைப்ரரிக்குக் குடுத்தர்றேனுங்க.”

பாண்டித்துரை சாரதாமணியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவர் கணக்கில் கொலைகாரன் கிடைத்துவிட்டான்.

மாடிக்குக் கூட்டிப்போனது குமரன், பெரியவரின் தங்கை மகன். நாற்பது வயது, மெல்லிய குரல், கண் கலங்கியிருந்தது. திருமுருகன்பூண்டிப் பக்கம் சாயப்பட்டறைகளுக்குக் கலர் சேர்த்துக் கொடுக்கும் லேப் வைத்திருக்கிறான். “மாமனுக்குப் பொஸ்தகம்னா உசுருங்க அக்கா. வாரம் ஒருக்கா நான் வந்து ஒத்தாசை பண்ணுவேன். இங்க இருந்தவங்கள்ல பொஸ்தகத்தத் தொட விட்டது என்னைய மட்டுந்தானுங்க.”

அறைக்குள் நாலு டியூப் லைட்டுகள். சுவர் முழுக்க அலமாரி. நடு அலமாரியில் அந்த இருநூறும் பட்டாளம் நிற்பதுபோல் ஒரே பழுப்பில் நின்றன. நடுவே ஒரு பல் விழுந்த இடைவெளி. கிழக்குப் பக்கம் இரண்டு பெரிய ஜன்னல்கள். இரண்டையும் நாலு மடிப்புக் கறுப்புத் துணி மூடியிருந்தது. வெல்க்ரோ வைத்து ஓரம் ஒட்டியிருந்ததால் ஒரு கீற்று வெளிச்சம் வரவில்லை.

“இந்தப் பொஸ்தகம் காணோம்னு யாரு மொதல்ல பாத்தது?”

“நான்தானுங்க. போலீஸ்ல நான்தான் சொன்னேன்.”

சாரதாமணி ஜன்னல் துணியின் ஓரத்தைப் பிடித்தார். குமரன் அவருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் வந்து நின்றான். பணிவாகத்தான் நின்றான், நகரவில்லை.

“வேண்டாமுங்க அக்கா. வெயில் பட்டா காகிதம் பொரிஞ்சு போயிருமுங்க. மாமன் இருந்தவரைக்கும் இதைத் தெறந்ததே இல்லீங்க. அவரு போனாலும் அவரு சொல்லு நிக்கட்டுமுங்க.”

“சரிங்க,” என்று கையை எடுத்துக்கொண்டார் சாரதாமணி. அந்த அறையில் பழைய காகித வாசனைக்குக் கீழே, தரை கழுவிய பினாயில் வாசனை இருந்தது. பாண்டித்துரைக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

கீழே சமையலறையில் மயிலாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பத்து வருடமாக அந்த வீட்டில் இருப்பவள்.

“புதங்கிழம என்ன சமைச்சீங்க மயிலா?”

“என்னத்தைங்க சமைக்கறது? மாசத்துக்கு ஒருநாள் கரண்ட நிறுத்துவாங்களே, அது அன்னைக்குத்தானுங்க. ஒம்பது மணிக்குப் போனது அஞ்சு மணிக்குத்தான் வந்துது. கிரைண்டர் ஓடல, மாவாட்ட முடியல. ரசம் வெச்சேன்.”

“இன்வெர்ட்டர் இல்லீங்களா?”

“ஹாலுக்கும் சமையக்கட்டுக்கும் இருக்குதுங்க. பொஸ்தக ரூமுக்கு மட்டும் அய்யா லைன் குடுக்க விடல. ஒயர் சூடாகித் தீப்புடிச்சுரும்னு பயமுங்க. மெழுகுவத்தி, தீப்பெட்டி ஒண்ணும் அங்க போகக் கூடாது.”

“நீங்க பூராவும் ஊட்டுலயே இருந்தீங்களா?”

“பதினோரு மணிக்கு ரேசன் கடைக்குப் போனேனுங்க. கூட்டம். திரும்பி வாரப்ப பன்னண்டரை இருக்கும். அந்தப் பொஸ்தகக் கடைக்காரரு கேட்டுல இருந்து விறுவிறுன்னு போனாரு. மேல ரூம் கதவு சாத்தியிருந்துது. படிக்கறப்பக் கூப்புட்டாக் கோவிப்பாரு, அதனால விட்டுட்டேன். அஞ்சரைக்குக் காபி எடுத்துட்டுப் போயி, லைட்டப் போட்டுப் பாக்கறேன்...” மயிலாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“அவரு போன் எங்க இருந்துது?”

“ஹால்ல சார்ஜ்ல கெடந்துச்சுங்க. டார்ச்சும் பக்கத்துலயே இருந்துது.”

வெளியே வந்ததும் சாரதாமணி இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து இரண்டு விஷயம் கேட்டார். டாக்டர் கணக்குப்படி உயிர் போனது பதினொன்றுக்கும் பன்னிரண்டரைக்கும் இடையில். அன்று காலை பத்து மணிக்குப் பெரியவர் ஒரே ஒருவருக்குத்தான் போன் செய்திருந்தார். தங்கை மகன் குமரனுக்கு. வருகிற கிரகப்பிரவேசத்தைப் பற்றிப் பேசியதாகக் குமரன் சொல்லியிருந்தான்.

“அக்கா, மகன்தான். ரூமைக் காலி பண்ணணும்னு அலையுறான்,” என்றார் பாண்டித்துரை காரில் ஏறியதும்.

“குப்பைன்னு நெனைக்கறவன் பிரதி அடிச்சு அலமாரில வெப்பானுங்களா? நாளைக்கு உங்களுக்கு ஒரு வேலை இருக்குது. அந்த ஒரு முழம் துணிய எடுத்துட்டு, ‘இந்தக் கலருக்கு மேட்ச் பண்ணிக் குடுங்க’ன்னு லேப் லேப்பா ஏறி எறங்கணும்.”

“எத்தன லேப்க்கா?”

“கெடைக்கற வரைக்கும்.”

சனிக்கிழமை சாயங்காலம் பாண்டித்துரை திரும்பி வந்தபோது வழக்கமான துள்ளல் இல்லை. ஒரு கெட்டி அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். சாரதாமணி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சித்ராதேவி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்று இரவும் அவள் போன் இரண்டு முறை அடித்தது. எடுத்தால் மூச்சு மட்டும் கேட்டது.

*

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் அந்தப் புத்தக அறையில் கூடினார்கள். இன்ஸ்பெக்டர் வேல்குமார், நித்தீஷ், குமரன், மயிலாள், சித்ராதேவி. கதவருகே பாண்டித்துரை நின்றார். சித்ராதேவியைப் பார்த்ததும் நித்தீஷின் முகம் சுளித்தது.

சாரதாமணி மாட்டு வைத்திய நூலை அதன் இடைவெளியில் செருகினார். டியூப் லைட்டின் கீழே இருநூறு முதுகும் ஒரே பழுப்பாக நின்றன.

“இந்தப் பொஸ்தகம் போலி. நூலு பாலியஸ்டர், அச்சு இந்தக் காலத்து அச்சு. இன்ஸ்பெக்டரும் பாத்துட்டாருங்க,” என்று ஆரம்பித்தார். “நிஜமானத எடுத்துட்டு இத வெச்சவன் யாருன்னு தெரிஞ்சா, கொன்னது யாருன்னும் தெரிஞ்சுரும். நான் ஒரு கேள்வியோட ஆரம்பிக்கறேன். பெரியவரு செத்தது நடுப்பகல்ல. அப்பக் கரண்டு இல்ல. இந்த ரூமுக்கு இன்வெர்ட்டர் இல்ல. டார்ச்சும் போனும் கீழ. நீங்க வந்து பாத்தப்ப ஜன்னல் ரெண்டும் மூடியிருந்துது. அப்ப இந்தக் கும்மிருட்டுல, எழுவது வயசு மனுசன் ஏணி போட்டு ஏறி என்னத்தைங்க பாத்தாரு?”

இன்ஸ்பெக்டர் மோவாயைத் தடவினார். அவர் ஆட்கள் வந்தபோது கரண்ட் வந்திருந்தது. அறை பளிச்சென்று இருந்தது. அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றவே இல்லை.

“அவரு இருட்டுல ஏறல. ஜன்னலத் தெறந்து வெச்சிருந்தாரு. செத்ததுக்கப்பறம் வேற ஒருத்தர் இந்தத் துணிய மறுபடியும் ஒட்டியிருக்காங்க. கொலை பண்ணிட்டு ஓடறவன் ஜன்னல மூடறதுக்கு நிப்பானுங்களா? மூடலைன்னா எதாச்சும் தெரிஞ்சுரும்னாத்தான் நிப்பான். என்ன தெரியும்? பாண்டித்துரை, லைட்ட அமத்துங்க.”

“அக்கா, வேண்டாமுங்க, பொஸ்தகம்...” என்று குமரன் முன்னால் வந்தான். இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கை வைத்தார்.

விளக்கு அணைந்தது. சாரதாமணி ஒரு ஜன்னலின் துணியை உரித்தார். வெல்க்ரோ கிழிகிற சத்தத்தில் மயிலாள் திடுக்கிட்டாள். இரண்டாவதையும் உரித்தார். காலை வெயில் நேராக நடு அலமாரியில் விழுந்தது.

பட்டாளம் கலைந்துவிட்டது. பழுப்பு வரிசையில் அங்கங்கே சில முதுகுகள் மட்டும் செக்கச் செவேலென்று செம்மண் நிறத்தில் துருத்திக்கொண்டு நின்றன. மாட்டு வைத்திய நூல் ஒன்று. அதற்குக் கீழே இரண்டு. மேல் தட்டில் நாலு. ஓரத்தில் இரண்டு. நித்தீஷ் வாய்விட்டு எண்ணினான். “ஒம்போது,” என்றான். அதுவரை அவன் குரலில் இருந்த அலட்சியம் போய்விட்டது.

“கடைக்குள்ள ஒரு கலர், வெளிய வந்தா ஒரு கலர்னு சட்டை வாங்கிட்டுத் திட்டுவமே, அதுதானுங்க,” என்றார் சாரதாமணி. “சாயம் வேறயா இருந்தா ஒரு வெளிச்சத்துல ஒத்துப்போறது இன்னொரு வெளிச்சத்துல காட்டிக் குடுத்துரும். செவ்வாக்கிழம ராத்திரி பொன்னுச்சாமி போன் பண்ணாரு. அடுத்த நாள் கரண்டு இல்ல. பெரியவரு வாழ்நாள்ல மொத தடவை ஜன்னலத் தெறந்தாரு. இந்த ஒம்போதுல, பொன்னுச்சாமிகிட்ட இருந்தது போக மீதி எட்டும் அவரு கண்ணுல பட்டிருக்குது.”

“அப்ப பொன்னுச்சாமியே மாத்தி வெச்சிருக்கலாமில்லைங்களா? அட்டை கட்டுனவர் அவருதானே?” என்றார் இன்ஸ்பெக்டர்.

சித்ராதேவி ஓரடி முன்னால் வந்தாள். அவளுக்கு வேண்டியது இந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

“கட்டுனவரு அவருங்கறதுனாலதான் அவரு இல்லீங்க. இந்தத் துணி பாதித் தான் அவரு கடை மச்சுல இன்னும் கெடக்குது. அதுல வெட்டுன துண்டு இது, இப்ப இந்த வெயில்லயே வெச்சுப் பாருங்க, இந்த நல்ல பொஸ்தகங்களோட அச்சு அசலா ஒத்துப்போகுது. போலி பண்றவன் கையில நெசத் துணியே இருக்கறப்ப, எதுக்குங்க புதுசா ஒரு துணிக்குச் சாயம் போடறான்? சாயம் போட்டவன் அந்தத் துணி கெடைக்காதவன். பாலியஸ்டர் நூலுக்கும் பருத்தி நூலுக்கும் பைண்டிங்ல வித்தியாசம் இருக்குதுன்னு தெரியாதவன். ஆனாக் கலர் சேக்கறதுல கெட்டிக்காரன். இந்த ரூம்ல என்னைக்கும் டியூப் லைட்டுத்தான், வெயில் வராதுன்னு தெரிஞ்சவன்.”

அவர் கைப்பையிலிருந்து அந்தக் கெட்டி அட்டையை எடுத்தார்.

“நம்ம ஊர் லேப்ல ஒரு பழக்கம். கலர் சேக்கக் குடுத்த ஒரிஜினல் துண்டை அட்டையில பின் அடிச்சு, பக்கத்துல சேத்த கலரையும் ஒட்டி, எந்த லைட்டுல பாஸ் ஆச்சுன்னு எழுதி, நம்பர் போட்டு அடுக்கிருவாங்க. பார்ட்டி பத்து வருசங்கழிச்சுத் திரும்ப வந்தாலும் எடுத்துப் பாக்கணுமே. அத வீசுனா லேப்பையே வீசுன மாதிரி. நேத்து பாண்டித்துரை துணியோட எட்டு லேப் ஏறுனாரு. எட்டாவது குமரனோட லேப்பு. குமரன் இங்க சடங்குல இருந்தப்ப, அனுப்ரியான்னு அங்க வேலை பாக்கற பொண்ணு துணியப் பாத்ததும் சொல்லியிருக்குது, ‘இது நாங்க ஏற்கனவே பண்ண கலருங்களே’ன்னு. ரெண்டு நிமிசத்துல இந்த அட்டைய எடுத்து நீட்டியிருக்குது. பார்ட்டி பேரு எழுதற எடம் காலி. ‘டியூப் லைட் பாஸ், வெயில் பெயில்’னு எழுதியிருக்குது. எழுத்து யாருதுன்னு இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். பின் அடிச்ச ஒரிஜினல் துண்டத் திருப்பிப் பாருங்க. பின்னாடி காஞ்ச பசையும், பழைய காகிதமும் ஒட்டியிருக்குது. எந்தப் பார்ட்டியும் பசை தடவுன துணியக் கலர் சேக்கக் குடுக்க மாட்டான். அது ஒரு பொஸ்தக அட்டையோட உள்மடிப்புல இருந்து வெட்டுனது.”

குமரன் அட்டையைப் பார்க்கவில்லை. ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்தச் சாயம் இப்ப வர்றதில்லீங்க அக்கா,” என்றான் மெதுவாக. தொழில் விஷயம் பேசுகிற குரல் அது. “இருவது தடவ போட்டுப் பாத்தேன். வெயிலுக்கு வரவே இல்ல. வெளியூர்ல ஒருத்தர் இந்தப் பொஸ்தகங்களை வெலைக்குக் கேட்டுட்டே இருந்தாரு. மாமன் தரமாட்டேனுட்டாரு. அவரு தெனமும் தடவிப் பாத்துட்டு வெக்கறவரு, படிக்கறது கூட இல்ல. எது இருந்தா என்னங்கன்னு நெனச்சேன்.”

“குமரா, அப்பா உன்னைய மகன் மாதிரி...” நித்தீஷால் முடிக்க முடியவில்லை.

“அன்னைக்கு மாமன் எதுக்குக் கூப்புட்டாருன்னு தெரியுங்களா?” குமரன் இப்போது அழுதான். “என்னையச் சந்தேகப்பட்டுக் கூப்புடலீங்க. ‘குமரா, கலர் விசயத்துல உன்னைய விட்டா யாரு இருக்கறா, வந்து பாத்து எது எது மாறியிருக்குதுன்னு சொல்லு, இதப் பண்ண நாயை நாம கண்டுபுடிக்கோணும்’னாரு. என் கையப் புடிச்சிட்டு ஒவ்வொண்ணாக் காட்டுனாரு. ஏழாவதுல நிறுத்தி என் மொகத்தப் பாத்தாரு. அவ்வளவுதானுங்க, தள்ளிட்டேன். இரும்பு அலமாரி முக்குல பட்டுது. அப்பத்தான் கீழ மணி அடிச்சுது. ரெண்டு தடவ, மூணு தடவ. நான் ஏணியச் சாச்சுட்டு, துணிய ஒட்டிட்டு, மூச்சு விடாம நின்னு, மயிலா சமையக்கட்டுக்குள்ள போனதும் எறங்கிப் போயிட்டேன். இந்தப் போலி வெளிய தெரியக் கூடாதுன்னுதான் பூட்டை ஒடைச்சதும், போன் போட்டு மிரட்டுனதும்.”

சித்ராதேவி திரும்பி வாசல் பக்கம் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றது அவள் கணவர். கதவு திறந்திருந்தால் அவரும் மாடிக்கு வந்திருப்பார்.

*

பொன்னுச்சாமி வெளியே வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. காகிதங்கள் நகரும் வேகம் அப்படி. வந்த அன்றே மனைவியோடு சாரதாமணியின் வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். இடது கை விரல்கள் இரண்டு இன்னும் வீங்கியிருந்தன. நன்றி சொல்ல வந்தவர் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். பாண்டித்துரை வாங்கி வந்த மைசூர்பாகு தட்டில் அப்படியே இருந்தது.

“விடுங்கண்ணே, எல்லாம் முடிஞ்சுபோச்சு. அவன் உள்ள போயிட்டான், நீங்க வெளிய வந்துட்டீக,” என்றார் பாண்டித்துரை.

“சாரோட கடைசிக் காரியத்துக்குக்கூட நான் போகல,” என்றார் பொன்னுச்சாமி. சாரதாமணியை நிமிர்ந்து பார்த்தார். “அம்மா, உங்களை ஒண்ணு கேக்கணும். ஜெயில்ல படுத்தா இதுதான் ஓடுச்சு. தையலைப் பிரிச்சுப் பாத்த அன்னைக்கு, நான் வாயை மூடிக்கிட்டு, என் நூல்ல தச்சு, அதே புஸ்தகத்தைத் திருப்பிக் குடுத்திருந்தா... சாரு இன்னைக்கு உசுரோட இருந்திருப்பாகளா?”

பாண்டித்துரை அவசரமாக வேறு பேச்சு எடுக்கப் பார்த்தார். சாரதாமணி அவரைக் கையமர்த்தினார். எரிந்த குடோன்களின் முன்னால் எத்தனையோ பேர் அவரிடம் இப்படி ஒரு பதிலுக்காக நின்றதுண்டு. 

“இருந்திருப்பாருங்க,” என்றார்.

பொன்னுச்சாமி தலையாட்டினார். அவருக்கு முன்பே தெரிந்த பதில்தான். சித்ராதேவி அவருடைய வீங்கிய விரல்களைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.  பக்கத்துக் கம்பெனியில் மத்தியான ஷிப்டுக்குச் சங்கு ஊதியது.